விமானம் இருக்கும்போது ஏன் ரப்பர் படகில் போகிறார்கள்?

மொராக்கோவின் டான்ஜியர் துறைமுகத்திலிருந்து ஸ்பெயினின் தரீஃபாவுக்குத் தினமும் பயணிகள் கப்பல் ஓடுகிறது. ஒரு மணி நேரப் பயணம். ஜிப்ரால்டர் நீரிணையின் மிகக் குறுகிய இடத்தில் ஆப்பிரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் நடுவே 14 கிலோமீட்டர்தான். வானம் தெளிவாக இருந்தால் இக்கரையில் நின்று அக்கரை மலையைப் பார்க்கலாம். காரையே கப்பலில் ஏற்றிக்கொண்டு போகலாம். அதே நீரிணையில்தான் முப்பது வருடங்களுக்கும் மேலாக மனிதர்கள் மூழ்கிச் சாகிறார்கள்.

"படகு கவிழ்ந்து ஆப்பிரிக்க அகதிகள் பலி" என்ற செய்தியைப் படிக்கும் பலருக்கும் ஒரு கேள்வி எழும். படகில் ஆள் ஏற்றும் ஏஜென்டுக்கு ஆயிரக்கணக்கான யூரோ கொடுக்க முடிகிற ஒருவர், சில நூறு யூரோ கொடுத்து விமானச் சீட்டு வாங்கிக்கொண்டு போகக் கூடாதா? நியாயமான கேள்வி. இதற்கு விடை தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் விளங்கத் தொடங்கும் என்பதால் அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

விமான நிலைய கவுன்டரில் இருக்கும் எல்லை

1991 வரை மொராக்கோ நாட்டவர் ஸ்பெயின் போக விசா தேவைப்படவில்லை. பாஸ்போர்ட்டோடு கப்பலேறிப் போய், வேலை இருக்கும் மாதங்களில் உழைத்துவிட்டு, ஊர் திரும்பியவர்கள் உண்டு. அந்த வருடம் ஸ்பெயின் ஷெங்கன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. ஷெங்கன் என்பது, உறுப்பு நாடுகள் தங்களுக்குள் எல்லைச் சோதனையை எடுத்துவிட்டு, வெளி எல்லையை எல்லோருமாகச் சேர்ந்து காக்கும் ஏற்பாடு. பாரிஸிலிருந்து மாட்ரிட் போகிறவருக்கு வசதி கூடியது. டான்ஜியரிலிருந்து போகிறவருக்கு விசா கட்டாயமானது. சிறிய மரப்படகுகளில் இரவோடு இரவாக ஆள் ஏற்றும் தொழில் அதற்குப் பிறகுதான் பெருகியது.

சரி, விசா வாங்கிக்கொண்டு போகலாமே? விசா கேட்பவர் வங்கியில் பணம், நிலையான வேலை, ஊரில் சொத்து, திரும்பி வருவார் என்பதற்கான சான்று எல்லாம் காட்ட வேண்டும். செனகலின் மீனவ இளைஞரிடமோ எரித்திரியாவிலிருந்து தப்பி ஓடுகிறவரிடமோ இதில் எதுவும் இருக்காது. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில், தகுதி இருக்கிறது என்று நம்பி விண்ணப்பிப்பவர்களிலேயே பாதிக்கு நெருக்கமானோர் மறுக்கப்படுகிறார்கள். கட்டிய பணம் திரும்பக் கிடைக்காது.

விசா இல்லாமலே விமானம் ஏறி, இறங்கிய இடத்தில் தஞ்சம் கேட்கலாமா? இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு விதி வருகிறது. உரிய ஆவணம் இல்லாத பயணியை ஏற்றி வரும் விமான நிறுவனத்துக்கு அபராதம் போட வேண்டும் என்று 2001இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சட்டம் செய்தது. தலைக்குக் குறைந்தது 3,000 யூரோ என்ற அளவில் அபராதம். அந்தப் பயணியைத் திருப்பி அழைத்துப்போகும் செலவும் நிறுவனத்தின் தலையில்தான். அகதி உரிமைகளை இது பாதிக்காது என்று அந்தச் சட்டத்திலேயே ஒரு வரி இருக்கிறது. ஆனால் கென்யாவின் நைரோபியிலோ செனகலின் டக்காரிலோ போர்டிங் பாஸ் அடித்துக் கொடுக்கும் ஊழியர், எதிரே நிற்பவர் உண்மையான அகதியா என்று எப்படி முடிவு செய்வார்? அது அவர் வேலையும் இல்லை. விசா இல்லையென்றால் ஏற்ற மாட்டார், அவ்வளவுதான்.

அகதிகளுக்கான 1951ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை, உயிருக்கு ஆபத்து உள்ள இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது. அகதியாக வந்தவர் அனுமதியில்லாமல் நுழைந்தார் என்பதற்காகத் தண்டிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஆனால் அந்த உரிமையைக் கேட்க முதலில் அந்த நாட்டு மண்ணில் கால் வைத்திருக்க வேண்டும். தூதரகத்தில் போய்த் தஞ்சம் கேட்க முடியாது. தஞ்சம் கேட்பதற்கென்று ஒரு விசாவும் கிடையாது. உள்ளே வந்தால் காப்போம் என்கிறார்கள், உள்ளே வரும் வழிகளையெல்லாம் அடைக்கிறார்கள். மிச்சமிருப்பது கடல். என்னைக் கேட்டால் இந்தச் சாவுகளுக்கு அலையையும் புயலையும் மட்டும் காரணம் காட்டுவது பொய். பாதுகாப்பான கப்பல் அதே கடலில் அதே நேரத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

யார் போகிறார்கள்?

ஆப்பிரிக்கா முழுவதும் ஐரோப்பாவை நோக்கிக் கிளம்பிவிட்டது என்பதுபோல் ஒரு பேச்சு உண்டு. உண்மை வேறு. 2020இல் சுமார் 2.1 கோடி ஆப்பிரிக்கர்கள் தாங்கள் பிறந்த நாட்டை விட்டு இன்னொரு ஆப்பிரிக்க நாட்டில் வாழ்ந்தார்கள். ஐரோப்பாவில் வாழ்ந்தவர்கள் அதில் பாதியளவு, சுமார் 1.1 கோடி. அவர்களிலும் மிகப் பெரும்பாலோர் விசாவோடு விமானத்தில் வந்தவர்கள். படகில் வருவோர் சிறு பகுதி.

அந்தச் சிறு பகுதிக்குள்ளும் காரணங்கள் பலவிதம். எரித்திரியாவில் தேசிய சேவை என்ற பெயரில் இளைஞர்களைக் காலவரையின்றி ராணுவத்திலும் அரசு வேலையிலும் பிடித்து வைக்கிறார்கள். எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது, தப்பினால் சிறை. சூடானில் 2023 ஏப்ரலில் தொடங்கிய போர் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களை வீடிழக்கச் செய்தது. மாலியிலும் புர்க்கினா ஃபாசோவிலும் ஆயுதக் குழுக்களுக்கும் ராணுவத்துக்கும் நடுவில் கிராமங்கள் சிக்கியிருக்கின்றன. செனகலில் போர் இல்லை. ஆனால் வெளிநாட்டு இழுவைக் கப்பல்களும் மீன்தூள் ஆலைகளும் வந்தபின் சிறு மீனவருக்கு வலை நிறையாமல் போயிற்று. காம்பியாவில் இந்தப் பயணத்துக்கு 'பேக்வே' (பின்வாசல் வழி) என்றே பெயர். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணம் அந்நாட்டின் பொருளாதாரத்தையே தாங்குகிறது. ஒரு வீட்டில் ஒருவன் போய்ச் சேர்ந்துவிட்டால் கூரை மாறுகிறது, தங்கை படிக்கிறாள். பக்கத்து வீடு அதைப் பார்க்கிறது.

சட்டத்தில் எரித்திரியர் அகதி, செனகல்காரர் வேலை தேடி வந்தவர் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். பிரிப்பதில் அர்த்தம் இருக்கிறது, பாதுகாப்பு யாருக்கு உடனே தேவை என்று பார்க்க வேண்டும்தானே. ஆனால் வழியில் இந்தக் கோடு அழிந்துவிடுகிறது. கானாவிலிருந்து ஒரு கொத்தனார் லிபியாவுக்குக் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் நினைத்தது ஐரோப்பாவை அல்ல. எண்ணெய்ப் பணம் புழங்கிய லிபியாவில் சர்வாதிகாரி கடாஃபி காலம் முதலே ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் வேலை பார்த்தார்கள். 2011இல் கடாஃபி வீழ்ந்தபின் அங்கே அரசு என்று ஒன்று உருப்படியாக இல்லை. கொத்தனாரை ஒரு ஆயுதக் குழு பிடித்து அடைக்கிறது. அடித்து, அவர் அலறுவதை ஊரிலிருக்கும் அம்மாவுக்குப் போனில் கேட்க வைத்துப் பணம் கறக்கிறது. வெளியே வந்தவருக்குத் தெற்கே சகாரா, வடக்கே கடல். இப்போது அவர் யார்? வேலை தேடி வந்தவரா, உயிர் தப்பி ஓடுகிறவரா?

சகாராவைப் பற்றிச் செய்திகளில் குறைவாகவே வருகிறது. நைஜர் நாட்டின் அகடெஸ் நகரம்தான் பல வருடங்களாக இந்தப் பாதையின் வாசல். ஒரு டொயோட்டா ஹைலக்ஸின் பின்புறத்தில் இருபது முப்பது பேர் உட்காருவார்கள். சுமைக்குள் செருகிய கட்டையைப் பிடித்தபடி, கால்கள் வெளியே தொங்க. விழுந்தால் வண்டி நிற்காது. ஐரோப்பாவின் வற்புறுத்தலில் நைஜர் 2015இல் இந்தத் தொழிலைக் குற்றமாக்கியது. ஓட்டுநர்கள் சோதனைச் சாவடிகளுக்குப் பயந்து, கிணறுகள் இருக்கும் பழைய தடத்தை விட்டு ஆளில்லாத மணலுக்குள் போனார்கள். வண்டி பழுதானால் தண்ணீர் இல்லை. 2023 நவம்பரில் ராணுவ ஆட்சி அந்தச் சட்டத்தை ரத்து செய்தது.

படகில் என்ன நடக்கிறது

லிபியாவிலிருந்து கிளம்பும் ரப்பர் படகு கடல் பயணத்துக்கானது அல்ல. மெல்லிய காற்றுக் குழாய்கள், அடியில் பலகை, ஒரு சிறிய அவுட்போர்டு எஞ்சின். அதில் நூறு பேரையும் அதற்கு மேலும் ஏற்றுவார்கள். ஏஜென்ட் படகில் ஏற மாட்டான். பயணிகளில் ஒருவரிடம் சுக்கானையும் இன்னொருவரிடம் திசைகாட்டியையும் கொடுத்து, அதோ அந்தப் பக்கம் என்று கை காட்டிவிட்டுப் போய்விடுவான். சுக்கானைப் பிடித்த அந்த ஏழை இத்தாலியில் இறங்கியதும் கடத்தல்காரன் என்று கைதாகிறார். இப்படிச் சிறையில் இருப்பவர்கள் பலர்.

பெண்களையும் குழந்தைகளையும் பத்திரமான இடம் என்று படகின் நடுவில் உட்கார வைக்கிறார்கள். ஆனால் கேனிலிருந்து சிந்தும் பெட்ரோலும் உள்ளே வரும் கடல்நீரும் கலந்து தேங்குவது அங்கேதான். அந்தக் கலவையில் மணிக்கணக்கில் உட்கார்ந்தால் தோல் வெந்து உரிந்துவிடும். மீட்புக் கப்பல்களின் மருத்துவர்கள் தொடையிலும் இடுப்பிலும் ஆழமான புண்களோடு வரும் பெண்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். பெரிய மரப்படகாக இருந்தால் குறைந்த கட்டணம் கொடுத்தவர்கள் அடித்தட்டில். எஞ்சின் புகையிலேயே மூச்சுத் திணறிச் சாவதும், கவிழ்ந்தால் வெளியே வர வழியில்லாமல் போவதும் அவர்கள்தான். 2022க்குப் பிறகு துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் பகுதியில் இரும்புத் தகடுகளை அவசரமாகப் பற்றவைத்துச் செய்த படகுகள் வந்தன. ரப்பராவது காற்று இருக்கும்வரை மிதக்கும்; இரும்பு, தண்ணீர் புகுந்தால் நேரே கீழே.

லிபியா, துனிசியாவிலிருந்து கிளம்பும் இந்த மத்தியப் பாதையின் இலக்கு பெரும்பாலும் இத்தாலியின் லம்பெடூசா தீவு. சுமார் 6,000 பேர் வாழும் இந்தச் சிறு தீவு சிசிலியை விடத் துனிசியாவுக்குத்தான் அருகில் இருக்கிறது. 2023 செப்டம்பரில் ஓரிரு நாட்களிலேயே தீவின் மக்கள்தொகையை விட அதிகமானோர் அங்கே வந்து இறங்கினார்கள்.

மேற்கில் இன்னொரு பாதை. செனகல், மவுரித்தானியா கரைகளிலிருந்து அட்லாண்டிக் வழியாக ஸ்பெயினின் கேனரி தீவுகளுக்கு. டக்காரிலிருந்து ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர், ஒரு வாரத்துக்கும் மேல், திறந்த மர வள்ளத்தில். மத்தியதரைக் கடலில் காவல் இறுகும்போதெல்லாம் இந்தப் பாதையில் கூட்டம் கூடும். 2024இல் மட்டும் 46,000க்கும் அதிகமானோர் உயிரோடு கேனரியில் இறங்கினார்கள். தீவுகளைத் தவறவிட்டால் அடுத்து மேற்கே அமெரிக்கக் கண்டம் வரை வெறும் தண்ணீர். 2023 ஜூலையில் செனகலின் ஃபாஸ் போய் என்ற மீனவ ஊரிலிருந்து நூறு பேருக்கு மேல் ஏறிய வள்ளம், ஒரு மாதத்துக்கும் மேல் அலைந்து கேப் வெர்டே அருகே கண்டுபிடிக்கப்பட்டது. 38 பேர் உயிரோடு இருந்தார்கள். 2021இல் மவுரித்தானிய வள்ளம் ஒன்று அட்லாண்டிக்கையே கடந்து கரீபியத் தீவான டொபாகோவின் அருகே மிதந்து வந்தது. உள்ளே 14 உடல்கள்.

காப்பாற்ற வேண்டியது யார்?

கடலில் ஆபத்தில் இருப்பவரைக் கண்டால் எந்தக் கப்பலும் உதவ வேண்டும். மாலுமிகளின் பழைய வழக்கம் இது. பின்னர் சர்வதேசச் சட்டமும் ஆயிற்று. யார், எந்த நாடு, எப்படி வந்தார் என்று கேட்க அதில் இடமில்லை. கடலை மீட்பு மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு நாட்டின் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். மீட்டவரைப் பாதுகாப்பான இடத்தில் இறக்க வேண்டும் என்பதும் சட்டம்.

நடைமுறையில் பந்து கை மாறிக்கொண்டே இருக்கும். 2011 மார்ச்சில், லிபியாவைச் சுற்றி நேட்டோ போர்க்கப்பல்கள் நிறைந்திருந்த நேரத்தில், 72 பேருடன் ஒரு ரப்பர் படகு எரிபொருள் தீர்ந்து நின்றது. ரோமிலுள்ள கடல் மீட்பு மையத்துக்குத் தகவல் போனது. ஹெலிகாப்டர் ஒன்று தண்ணீரும் பிஸ்கெட்டும் போட்டுவிட்டுப் போனது. பெரிய ராணுவக் கப்பல் ஒன்று அருகில் வந்து பார்த்துவிட்டு விலகியது. படகு 14 நாட்கள் மிதந்து, கிளம்பிய லிபியக் கரையிலேயே போய் மோதியது. கரை சேர்ந்த பின் இறந்த இருவரையும் சேர்த்து 63 பேர் இறந்தார்கள். மனித உரிமைகளுக்கான அமைப்பான கவுன்சில் ஆஃப் யூரோப்பின் நாடாளுமன்றப் பேரவை இதை விசாரித்து 2012இல் அறிக்கை வெளியிட்டது.

2013 அக்டோபர் 3 அன்று லம்பெடூசாவின் கரைக்கு ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் ஒரு படகின் எஞ்சின் நின்றது. உதவி கேட்டு யாரோ ஒரு போர்வையைக் கொளுத்தினார்கள், தீ பரவியது, எல்லோரும் ஒரு பக்கமாக நகர, படகு கவிழ்ந்தது. 368 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் எரித்திரியர்கள். அந்த அதிர்ச்சியில் இத்தாலி 'மாரே நோஸ்ட்ரம்' என்ற கடற்படை மீட்புப் பணியைத் தொடங்கியது. ஒரே வருடத்தில் ஏறத்தாழ 1.5 லட்சம் பேரைக் கரை சேர்த்தது. மாதம் சுமார் 90 லட்சம் யூரோ செலவு. மற்ற ஐரோப்பிய நாடுகள் பங்கு போட முன்வரவில்லை. மீட்கப் போனால் இன்னும் நிறையப் பேர் வருவார்கள் என்ற வாதமும் எழுந்தது. 2014 இறுதியில் நிறுத்திவிட்டார்கள்.

அந்த வாதம் சரியா என்பதை 2015இன் முதல் மாதங்களே காட்டிவிட்டன. படகுகள் குறையவில்லை, சாவு பல மடங்கு கூடியது. கடற்படைக்குப் பதிலாகச் சரக்குக் கப்பல்கள் மீட்கப் போக வேண்டியிருந்தது. அந்த ஏப்ரல் 18 இரவு, உதவ வந்த சரக்குக் கப்பலிலேயே மோதி ஒரு மீன்பிடிப் படகு மூழ்கியது. 800க்கும் அதிகமானோர் இறந்தார்கள். தப்பியவர்கள் 28 பேர்.

பிறகு ஐரோப்பா வேறு வழி கண்டது. தன் கப்பலில் ஏற்றியவர்களை லிபியாவிடம் ஒப்படைத்தது சட்டவிரோதம் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2012இலேயே இத்தாலிக்கு எதிராகத் தீர்ப்பளித்திருந்தது. அப்படியானால் லிபியர்களே பிடித்துப் போகட்டும் என்று ஆயிற்று. 2017 பிப்ரவரியில் இத்தாலி லிபியாவுடன் உடன்பாடு செய்து படகும் பயிற்சியும் பணமும் கொடுத்தது. அதன்பின் 1 லட்சத்துக்கும் அதிகமானோர் கடலில் பிடிக்கப்பட்டு லிபியாவுக்கே திருப்பப்பட்டார்கள், பலர் சிறைக்கூடங்களுக்கு. அங்கே நடக்கும் சித்திரவதையும் அடிமைத்தனமும் மனித குலத்துக்கு எதிரான குற்றங்கள் என்று ஐ.நா.வின் விசாரணைக் குழு 2023இல் சொன்னது. எனக்கு இதில் மிகவும் கசப்பது இதுதான்: தீர்ப்பை யாரும் மீறவில்லை. தீர்ப்புக்கு எட்டாத இடத்தில் வேறொருவர் கையால் அதே காரியம் நடக்கிறது.

தனியார் தொண்டு நிறுவனங்களின் கப்பல்கள் இடைவெளியை நிரப்பப் பார்த்தன. 2018இல் 'அக்வேரியஸ்' கப்பலுக்கு இத்தாலி துறைமுகத்தை மூடியது. 600க்கும் அதிகமானோரோடு அது ஸ்பெயினின் வலென்சியா வரை போக வேண்டியிருந்தது. 2023 முதல், ஒரு மீட்பு முடிந்ததும் அரசு சொல்லும் துறைமுகத்துக்கு உடனே போக வேண்டும் என்று இத்தாலியில் விதி. அந்தத் துறைமுகம் பல நேரங்களில் வடக்கே நாட்கணக்கான தூரத்தில் இருக்கும். போய்த் திரும்பும்வரை கடலில் அந்தக் கப்பல் இல்லை.

இறந்தவர்களின் கணக்கு

சர்வதேசப் புலம்பெயர்வு அமைப்பு 2014 முதல் இந்தச் சாவுகளைக் கணக்கெடுக்கிறது. மத்தியதரைக் கடலில் மட்டும் 30,000ஐத் தாண்டிவிட்டது. தெரியவந்தவை மட்டுமே அதில் சேரும். ஒருவர்கூடத் தப்பாமல் மூழ்கிய படகுக்குச் சாட்சி ஏது?

2015 ஏப்ரலில் மூழ்கிய படகை இத்தாலி மறு வருடம் கடலடியிலிருந்து தூக்கியது. மிலான் பல்கலைக்கழகத்தின் தடயவியல் மருத்துவர் கிறிஸ்டினா கத்தானேயோவின் குழு உடல்களை ஒவ்வொன்றாகப் பரிசோதித்தது. மாலியிலிருந்து வந்த, பதினான்கு வயது மதிக்கத்தக்க ஒரு பையனின் ஜாக்கெட்டுக்குள் பள்ளி மதிப்பெண் அட்டை தைக்கப்பட்டிருந்தது. நான் நன்றாகப் படிப்பவன் என்று போகும் இடத்தில் காட்ட எடுத்துப் போயிருப்பான் என்றே நினைக்கத் தோன்றுகிறது. இறந்த ஆப்பிரிக்க இளைஞர்கள் சிலரின் உடைகளில் சிறு பொட்டலமாகக் கட்டிய ஊர் மண்ணும் கிடைத்திருக்கிறது.

இந்தக் கடலில் தமிழர்களும் மூழ்கியிருக்கிறார்கள். 1996 டிசம்பர் 25 இரவு, சிசிலிக்கும் மால்டாவுக்கும் இடையே, பெரிய கப்பலிலிருந்து சிறிய படகுக்கு மாற்றப்பட்ட இந்திய, பாகிஸ்தானிய, இலங்கைத் தமிழ் இளைஞர்கள் 280க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தப்பியவர்கள் சொன்னதை அதிகாரிகள் நம்பவில்லை. போர்ட்டோபாலோ என்ற ஊரின் மீனவர்கள் வலையில் உடல்கள் வந்தபோது, விசாரணை என்று தொழில் முடங்கிவிடும் எனப் பயந்து மீண்டும் கடலிலேயே போட்டார்கள். நான்கு வருடங்களுக்கும் மேல் கழித்து ஒரு மீனவர், வலையில் கிடைத்த ஈழத்து இளைஞன் ஒருவனின் அடையாள அட்டையைப் பத்திரிகையாளரிடம் கொடுத்தார். 2001இல்தான் கடலடியில் படகின் படம் எடுக்கப்பட்டு, நடந்தது உண்மை என்று உலகம் ஒப்புக்கொண்டது. அதுவரை யாழ்ப்பாணத்தில் எத்தனை அம்மாக்கள் கடிதத்துக்காகக் காத்திருந்திருப்பார்கள்.

வேறு வழியே இல்லையா?

இருக்கிறது, சிறியதாக. 2016 முதல் இத்தாலியில் சான்ட் எஜிதியோ என்ற கத்தோலிக்க அமைப்பும் புராட்டஸ்டன்ட் சபைகளும் அரசோடு பேசி, அகதிகளை லெபனான், எத்தியோப்பியா போன்ற இடங்களிலேயே விசாரித்து, விசா வாங்கி, விமானத்தில் அழைத்து வருகின்றன. தங்குமிடமும் மொழி வகுப்பும் அந்த அமைப்புகளின் பொறுப்பு. இப்படி வந்தவர்கள் சில ஆயிரம் பேர். ஒருவரும் கடலில் சாகவில்லை. சிரியக் குடும்பம் ஒன்று இதேபோல் பெல்ஜியத் தூதரகத்தில் விசா கேட்ட வழக்கில், அப்படிக் கொடுக்க உறுப்பு நாடுகளுக்குக் கட்டாயம் இல்லை என்று 2017இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனிதாபிமான விசாவுக்குச் சட்டம் வேண்டும் என்று ஐரோப்பிய நாடாளுமன்றம் 2018இல் கேட்டது, அது நகரவில்லை.

2024இல் ஐரோப்பிய ஒன்றியம் குடியேற்றம் பற்றிய பெரிய சட்டத் தொகுப்பு ஒன்றை ஏற்றுக்கொண்டது. 2026 ஜூன் முதல் நடைமுறை என்று முடிவு. எல்லையிலேயே வேகமான விசாரணை, கைரேகைப் பதிவு, வந்தவர்களின் பொறுப்பை நாடுகள் பகிர்ந்துகொள்வது என்று அதில் பலவும் உண்டு. சூடானின் கார்த்தூமிலோ எரித்திரியாவின் அஸ்மாராவிலோ இருந்து கிளம்ப வேண்டிய ஒருவர் தஞ்சம் கேட்டுப் போவதற்கான விசா மட்டும் அதில் இல்லை.